பிரெட் என்றால் காய்ச்சலா?

நம்ம ஊர் அக்னித் தலம். அது போதாதென்று மே 4-லிருந்து அக்னி நட்சத்திரம் வேறு! ரமணாசிரமத்துக்குப் பின்னால் மலைப்பாறை சூடேறினால் ராத்திரி வரைக்கும் அனல் அடங்காது. எங்கள் வீடு தகரக் கூரை. அந்த மத்தியானத்தில் அம்மா அடுப்பு முன்னால் நிற்பது என்ன நியாயம் நண்பர்களே?

தக்காளி சாண்ட்விச்சுக்கு நெருப்பே வேண்டாம். பிரெட்டில் வெண்ணெய் தடவினால் ஈரம் இறங்காது. நாட்டுத் தக்காளிதான் ருசி. சாறு அதிகம் என்பதால் விதையை வழித்துவிட்டு நறுக்க வேண்டும். மிளகுத்தூள், உப்பு கடைசியில்தான். உப்பு முன்னாடியே பட்டால் தண்ணி விட்டு எல்லாம் சொதசொதன்னு ஆயிடும். (தக்காளியை ஃப்ரிட்ஜில் வைத்தால் வாசம் குறைந்துவிடும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இதிலே ஒரு லாபம்!)

"பிரெட்டா? யாருக்குடா காய்ச்சல்?" என்கிறார் பாட்டி. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர் சாப்பிட்டால் நாகரிகம், நாம் சாப்பிட்டால் காய்ச்சலா? தக்காளியே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். ரசத்தில் போட்டோம், நம்முடையதாகிவிட்டது.

"எங்க வம்சத்துல முதல்ல படிக்கிற பையன், அடுப்படிக்குப் போறதா?" என்று அப்பாவுக்குக் கோபம். லேத்தில் மில்லிமீட்டர் கணக்காக இரும்பு கடைகிற கை தக்காளி நறுக்கினால் கேவலமா? எட்டுத் துண்டு பிரெட், மூன்று தக்காளி. நாலு பேருக்குப் போதும். வாரம் இரண்டு மத்தியானமாவது அம்மா வாசல் வேப்பமரத்தடியில் உட்காரட்டும்.