விலக்கி வைத்தால் போதுமா?

மும்பை விமான நிலையத்தில் 2024 ஜூன் 8-ஆம் தேதி, திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா விமானம் ஓடுபாதையை விட்டு மேலெழும் முன்பே, இந்தூரிலிருந்து வந்த இண்டிகோ விமானம் அதே ஓடுபாதையில் அதன் பின்னால் தரையிறங்கியது. கட்டுப்பாட்டு அறையின் அனுமதிப்படியே செயல்பட்டதாக இரு நிறுவனங்களும் கூறின. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் விசாரணைக்கு உத்தரவிட்டு, கட்டுப்பாட்டாளரைப் பணியிலிருந்து விலக்கி வைத்தது. ஓரிரு நாள்களில் பரபரப்பு அடங்கிவிட்டது.

இது புதிதல்ல. 2023 ஆகஸ்டில் தில்லியில், அகமதாபாதிலிருந்து வந்து இறங்கிய விஸ்தாரா விமானத்துக்குப் பக்கத்து ஓடுபாதையைக் கடக்க அனுமதி தரப்பட்டது. அதே நேரத்தில் அந்த ஓடுபாதையில் பாக்டோக்ரா செல்லும் மற்றொரு விஸ்தாரா விமானம் புறப்படவும் அனுமதி தரப்பட்டிருந்தது. வந்திறங்கிய விமானத்தின் கேப்டன் கவனித்து எச்சரித்ததால்தான் நூற்றுக்கணக்கானோர் உயிர் தப்பினர். அப்போதும் ஒரு கட்டுப்பாட்டாளர் பணியிலிருந்து விலக்கப்பட்டார்.

வரும் விமானமும் போகும் விமானமும் எதிர்ப்படுவதால் நேரும் விபரீதத்தை இந்தியாவைப் போல அனுபவித்த நாடு வேறில்லை. 1996 நவம்பர் 12-ஆம் தேதி மாலை, தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய விமானமும், தில்லியில் இறங்க வந்துகொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி வயல்வெளிகளுக்கு மேலே மோதின. 349 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

நீதிபதி ஆர்.சி. லஹோட்டி தலைமையிலான விசாரணை, 15,000 அடி உயரத்தில் நிற்க வேண்டிய கஜகஸ்தான் விமானம் அதற்கும் கீழே இறங்கியதே காரணம் என்று கண்டறிந்தது. குற்றம் விமானிகளுடையது என்று அரசு கோப்பை மூடியிருக்கலாம். ஆனால், வேறு கேள்விகளும் எழுந்தன. வானின் பெரும்பகுதி விமானப் படையின் வசம் இருந்ததால், வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதைதான் இருந்தது. தில்லியில் அன்று பயன்பாட்டில் இருந்த ராடார் விமானத்தின் இடத்தைக் காட்டியதே தவிர, உயரத்தைக் காட்டவில்லை. இவை வெளிச்சத்துக்கு வந்ததால்தான் பாதைகள் பிரிக்கப்பட்டன. உயரம் காட்டும் ராடார் வந்தது. மோதல் தவிர்ப்புக் கருவி விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது.

அந்தக் கருவியால் பின்னர் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தரையிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் அடிக்குக் கீழே, "மேலே ஏறு, கீழே இறங்கு" என்று அது விமானிக்குக் கட்டளையிடாது. ஒன்று இறங்க, மற்றொன்று எழும்பும் அந்தக் கடைசிச் சில விநாடிகளில் கட்டுப்பாட்டாளரின் விழிப்பும் விமானியின் கண்ணும்தான் துணை.

அந்த விழிப்பின் மீது நாம் ஏற்றியிருக்கும் சுமை என்ன? மும்பையின் இரு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால், ஒரே நேரத்தில் இரண்டையும் பயன்படுத்த இயலாது. அப்படியிருந்தும் மணிக்கு 46 விமானங்கள் வரை அங்கே கையாளப்பட்டன. அதாவது, சராசரியாக 78 விநாடிக்கு ஒன்று. நெரிசல் நேரத்தில் இதைக் குறைக்குமாறு மத்திய அரசே 2024 பிப்ரவரியில் உத்தரவிட நேர்ந்தது. குறைக்கச் சொன்னதோ 44-ஆக!

கட்டுப்பாட்டாளர் பற்றாக்குறை, அவர்களின் சோர்வு, பணி நேர வரம்பிலிருந்து அளிக்கப்படும் விலக்குகள் ஆகியவை குறித்து நாடாளுமன்ற நிலைக்குழு 2025 ஆகஸ்டில் அளித்த அறிக்கையில் கடும் கவலை தெரிவித்தது. கண்காணிக்க வேண்டிய தலைமை இயக்குநரகத்தின் நிலையோ இன்னும் பரிதாபம். அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் 553 மட்டுமே நிரப்பப்பட்டிருந்ததாக அக்குழு சுட்டிக்காட்டியது. அடுத்த மூன்றே மாதங்களில் தில்லியில் தகவல் பரிமாற்றக் கணினி அமைப்பு பழுதாகி, 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. கணினி செய்யும் வேலையைக் கட்டுப்பாட்டாளர்கள் கையால் செய்ய வேண்டியதாயிற்று.

தவறிழைத்தவரை விசாரிக்கக் கூடாது என்று யாரும் கூறவில்லை. அனுமதி கொடுத்த குரலுக்குப் பொறுப்பு உண்டு. ஆனால், அந்தக் குரலுக்கு உரியவர் அன்று எத்தனை மணி நேரமாகப் பணியில் இருந்தார், எத்தனை விமானங்களைக் கையாண்டார், பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தாரா என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் முழுமையான விசாரணை. தண்டனை ஒன்றே பதிலாக இருந்தால், மயிரிழையில் தப்பிய சம்பவங்களைத் தாமாக முன்வந்து தெரிவிக்க யாருக்குத் துணிவு வரும்?

2025 டிசம்பரில் நவி மும்பை விமான நிலையம் செயல்படத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே நெரிசலான மும்பை வான்பரப்பை இப்போது இரண்டு நிலையங்கள் பங்கிட்டுக் கொள்கின்றன. புதிய முனையங்களுக்குத் திறப்பு விழா நடத்துவதில் காட்டும் வேகத்தைக் கட்டுப்பாட்டாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிப்பதில் காட்டினோமா? பணி நேர விலக்குகளுக்கு விமானப் போக்குவரத்து அமைச்சகம் உடனடியாக முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். மும்பை, தில்லி சம்பவங்களின் விசாரணை முடிவுகளைப் பணிப்பட்டியலுடன் நாடாளுமன்றத்தில் முன்வைக்க வேண்டும். தேவையான கட்டுப்பாட்டாளர்கள் பணியில் சேரும் வரை, எந்த நிலையத்திலும் கூடுதல் விமானங்களுக்கு அனுமதி தரக் கூடாது. விமான நிறுவனங்கள் எவ்வளவு நெருக்கினாலும் சரி.