ஆள் பிடித்தால் அணி ஆகுமா?

2024 செப்டம்பர் 27-ஆம் தேதி இரவு சால்ட் லேக் மைதானத்தில் எங்கள் ஈஸ்ட் பெங்கால் கோவா அணியிடம் 3-2 என்று தோற்றது. தோல்வி எங்களுக்குப் புதிதல்ல. அதற்கென்றே மனசைப் பழக்கி வைத்திருக்கிறோம். ஆனால் அன்று கோவாவின் மூன்று கோலையும் போட்டவர் ஒரே ஆள், போர்ஹா ஹெரேரா என்ற ஸ்பெயின்காரர். எட்டு மாதத்துக்கு முன்புவரை எங்கள் சிவப்பு-மஞ்சள் பனியனில் இதே புல்தரையில் ஓடியவர். வேண்டாம் என்று ஓட்டிவிட்ட மாடு பக்கத்து வீட்டுத் தொழுவத்தில் படிபடியாய்க் கறப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

மூன்று நாள் கழித்துப் பயிற்சியாளர் கார்லஸ் குவாட்ரத் விலகிக்கொண்டார். பழி முழுக்க அவர் தலையில் விழுந்தது. என்னைக் கேட்டால் அந்த ஆட்டம் செப்டம்பரில் தோற்றதல்ல, ஜனவரியிலேயே தோற்றது.

கால்பந்து பார்க்காத அன்பர்களுக்காக ஒரு வார்த்தை. ஆட்டக்காரர்கள் கிளப் மாறுவதற்கென்று வருஷத்தில் இரண்டு தவணை உண்டு. கோடையில் ஒன்று, நீளமானது. ஜனவரியில் ஒன்று, சின்னது. டிரான்ஸ்ஃபர் விண்டோ என்கிறார்கள். கல்கத்தாவுக்கு இந்தச் சமாசாரம் பழசு. இங்கே அதற்குப் பெயர் தொல்-பொதொல், கட்சி மாறுதல் என்று அர்த்தம். முன்பெல்லாம் ஆட்டக்காரர் ஐ.எஃப்.ஏ. அலுவலகத்துக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். எதிர்க் கோஷ்டி வழியிலேயே மடக்கிவிடும் என்று பயந்து, கிளப்காரர்கள் அவரை ஹோட்டலிலோ அங்கத்தினர் யாராவது வீட்டிலோ ஒளித்து வைத்துக் காவல் காப்பார்கள். இப்போது ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஏஜென்டுகள் இருக்கிறார்கள், எல்லாம் காகிதத்திலேயே நடக்கிறது. அவசரம் மட்டும் போகவில்லை.

2024 ஜனவரியில் என்ன நடந்தது? புவனேசுவரத்தில் சூப்பர் கோப்பைப் போட்டி. 19-ஆம் தேதி மோகன் பகானை 3-1 என்று அடித்தோம். 24-ஆம் தேதி அரையிறுதியில் ஜாம்ஷெட்பூரை 2-0. 28-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் ஒடிசாவை அவர்கள் ஊரிலேயே, கூடுதல் நேரத்தில், 3-2. 2012-இல் ஃபெடரேஷன் கோப்பை வாங்கியபின் பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த முதல் தேசியக் கோப்பை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் இந்த ஊரில் இலிஷ் மீன் விலை ஏறும் என்பார்கள். நம் வீட்டில் மீன் கிடையாது. லேக் மார்க்கெட்டில் வாழையிலை வாங்கப் போன இடத்தில் கடைக்காரரோடு சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டு நின்றதோடு சரி.

அந்தச் சிரிப்பு மூன்று நாள் நீடித்தது. மாதம் முடிவதற்குள் போர்ஹாவைக் கோவாவுக்கு இரவல் கொடுத்தார்கள். அரையிறுதியில் ஜாம்ஷெட்பூருக்கு எதிராகக் கோல் போட்ட சிவேரியோவை அந்த ஜாம்ஷெட்பூருக்கே இரவல் கொடுத்தார்கள்! ஒரு கிளப் ஆறு வெளிநாட்டவரைத்தான் பதிவு செய்யலாம் என்பதால், புதிதாக ஒருவர் வர வேண்டுமானால் இருக்கிறவர் ஒருவர் கிளம்ப வேண்டும். வந்தவர்கள் யார்? ஒருவர் விக்டர் வாஸ்கெஸ், பார்சிலோனாவில் வளர்ந்தவர், நல்ல மூளைக்காரர், வயது 37. இன்னொருவர் கோஸ்டா ரிகாவின் ஃபெலிசியோ பிரவுன். பெயர்கள் பத்திரிகையில் பெரிதாக வந்தன. சீசன் முடிவில் நாங்கள் பன்னிரண்டு அணிகளில் ஒன்பதாவது. முதல் ஆறுக்குள் வந்தால்தான் மேல் சுற்று. சிவேரியோ லீகில் அதிகம் கோல் போடவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு கோப்பையை ஜெயித்த அணிக்கு ஒரு பழக்கம் வந்திருக்கும். பந்து எங்கே வரும், பக்கத்தில் இருப்பவன் எங்கே ஓடுவான் என்பது அரைப் பார்வையில் தெரிந்திருக்கும். அதைக் கடையில் வாங்க முடியாது. வாங்க முடியாததைக் கொடுத்துவிட்டு வாங்க முடிந்ததை வாங்கி வந்தார்கள்.

நல்ல கொள்முதல் எப்படி இருக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், நம்ம சென்னைப் பிள்ளை நந்தகுமார் சேகர் இருக்கிறார். 2023 கோடையில் ஒடிசாவிலிருந்து வந்தார். ஆர்ப்பாட்டம் ஒன்றுமில்லை. அந்த ஆகஸ்டு 12-ஆம் தேதி டூரண்ட் கோப்பையில் வலப்பக்கமிருந்து உள்ளே வெட்டி இடது காலால் ஒரு கோல் போட்டார். மோகன் பகான் 1-0 என்று தோற்றது. 2019 ஜனவரிக்குப் பிறகு அவர்களை நாங்கள் ஜெயித்தது அன்றுதான். சூப்பர் கோப்பையிலும் மோகன் பகானுக்கு எதிராக ஒன்று, இறுதியாட்டத்தில் ஒன்று. அந்த வாரங்களில் இந்த ஊர் வங்காளிகள் அவர் பெயரை உச்சரித்த விதம் இருக்கிறதே, 'நொந்தொ' என்று! நொந்து போனது எதிர்க் கட்சிதான் என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தென்னாட்டுக்காரரை நம்பிக் கொண்டுவருவது இந்தக் கிளப்புக்குப் புதிதுமல்ல. 1940-களில் செயலாளர் ஜோதிஷ் சந்திர குஹா தெற்கே தேடிச் சேர்த்த ஐந்து பேர்தான் அப்பாராவ், தன்ராஜ், அகமத் கான், வெங்கடேஷ், சாலே. பஞ்ச பாண்டவர்கள் என்று பெயர். 1949, 50, 51 என்று மூன்று வருஷமும் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வந்தது. ஐவரும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அவர்களைச் சேர்ந்தாற்போலச் சில வருஷம் கலைக்காமல் வைத்திருந்ததில்தான் குஹாவின் சாமர்த்தியம் இருக்கிறது. பின்னாளில் தஞ்சாவூர் குலோத்துங்கன் 2003 ஆசியான் கோப்பை ஜெயித்த அணியில் இருந்ததும் இந்த வரிசையில் சேர்த்தி.

இல்லாத வீட்டிலும் சமையல் நடக்கும் என்று காட்டியது 1980. அந்த வருஷம் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கூண்டோடு முகமதன் ஸ்போர்ட்டிங்குக்குப் போய்விட்டார்கள். கிளப் என்ன செய்தது? அலிகாரில் படித்துக்கொண்டிருந்த ஈரானிய மாணவர்களைக் கூட்டி வந்தது. மஜீத் பிஷ்கர், ஜம்ஷித் நசீரி. அந்த சீசனிலேயே ஃபெடரேஷன் கோப்பையை மோகன் பகானோடு பகிர்ந்துகொண்டோம். மஜீதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் தலைமுறை ஆட்கள் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். பெயரைப் பார்த்தா எடுத்தார்கள்? காலைப் பார்த்து எடுத்தார்கள்.

இப்போதைய கதை வேறு. 2018-இல் ஒரு முதலீட்டாளர், 2020-இல் இன்னொருவர், 2022-இல் மூன்றாமவர். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதுப் பந்தல். 2021-இல் ஒப்பந்தத் தகராறு இழுத்துக்கொண்டே போய், முதலமைச்சர் தலையிட்டு, ஆகஸ்டு கடைசி வாரத்தில்தான் லீகில் ஆடுவோம் என்பதே நிச்சயமாயிற்று. ஆள் பிடிக்கும் தவணை ஆகஸ்டு 31-ஆம் தேதி முடிகிறது. சந்தை கலையும் நேரத்தில் காய் வாங்கப் போனால் என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. 20 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி, கடைசி இடம். இதற்கு ஆட்டக்காரர்களைத் திட்டிப் பிரயோசனமில்லை.

2024 கோடையில் பணம் இருந்தது, நேரமும் இருந்தது. முந்தைய சீசனில் 13 கோல் போட்ட டிமித்ரியோஸ் டயமண்டகோஸ் கேரளத்திலிருந்து வந்தார். பஞ்சாபிலிருந்து மதி தலால் வந்தார். நாங்களும் கைதட்டினோம், நான் உட்பட. லீகில் முதல் ஆறு ஆட்டமும் தோல்வி! டயமண்டகோஸ் எங்களுக்காக லீகில் அந்த 13-இல் பாதிகூடப் போடவில்லை. தலாலுக்கு டிசம்பரில் முழங்கால் போயிற்று, அது விதி. மற்றது விதியல்ல. கோல் போடுகிறவரைக் கொண்டுவந்தால் போதுமா? அவருக்குப் பந்து கொடுக்கிற வழக்கம் அணியில் இருக்க வேண்டாமா?

அதே கோடையில் அன்வர் அலி விவகாரம். இதை எழுதினால் எங்கள் ஆட்களே கோபிப்பார்கள். டில்லி கிளப்பிலிருந்து நாலு வருஷ இரவலில் மோகன் பகானுக்குப் போயிருந்தவர், ஒரு வருஷத்தில் அதை முறித்துக்கொண்டு எங்களிடம் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்திட்டார். செப்டம்பரில் அகில இந்திய சம்மேளனத்தின் குழு அவருக்கு நாலு மாதத் தடை, 12.90 கோடி ரூபாய் நஷ்ட ஈடு, எங்களுக்கு இரண்டு தவணை ஆள் சேர்க்கத் தடை என்று தீர்ப்பளித்தது. விஷயம் டில்லி உயர் நீதிமன்றம் போய், அந்த உத்தரவு நிற்கவில்லை. அவர் அந்த சீசனே ஆடினார். நல்ல தடுப்பாட்டக்காரர், சந்தேகமில்லை. ஆனாலும் 1980-இல் எங்கள் வீட்டைக் காலி செய்தார்கள் என்று இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்கிறவர்கள் நாங்கள். அடுத்த வீட்டு ஆள் வந்தவுடன் வெடி வெடித்ததில் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். கூச்சத்தோடு நானும் கைதட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த சீசனும் ஒன்பதாவது இடத்தில்தான் முடிந்தது, பதின்மூன்று அணிகளில்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஜூன் மாதத்திலேயே கணக்கை முடியுங்கள். ஜனவரியில் காலொடிந்தவருக்கு மாற்று தேடுவதோடு நிறுத்துங்கள். கேரளத்துப் பையன் பி.வி. விஷ்ணு கல்கத்தா லீகில் ஆடித்தான் பெரிய அணிக்கு ஏறினார். அந்தப் படிக்கட்டில் இன்னும் இரண்டு விளக்குப் போடுங்கள். குஹா போன பாதையில் தெற்கே இன்னொரு முறை ஆளனுப்பிப் பாருங்கள்.

2025 டிசம்பர் 7-ஆம் தேதி மறுபடி ஒரு சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம், கோவாவின் பதோர்தா மைதானத்தில். கோல் ஏதுமில்லை. பெனால்ட்டியில் 6-5 என்று கோவா ஜெயித்தது. கோப்பை வாங்கிய அணியில் போர்ஹாவும் இருந்தார், சிவேரியோவும் இருந்தார். தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த என் பேரன், "தாத்தா, இந்த ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானே?" என்று கேட்டான். பழைய பனியன் படத்தை எங்கோ பார்த்திருக்கிறான். ஆமாம் என்றேன்.