பலகை இல்லாத கடைகளின் பெயர்கள்



இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரில் நர்ஸாக வேலை பார்க்கும் நம் மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பாறையை ஒட்டிக் கட்டிய வெள்ளைக் கட்டடம். "சார், இது இங்க உள்ள பழைய பப். பேரைப் பாருங்க" என்று எழுதியிருந்தாள். பெயரைத் தமிழில் சொன்னால் 'எருசலேமுக்கு ஒரு பழைய பயணம்'! சுவரில் 1189 என்று ஆண்டும் போட்டிருக்கிறது. சிலுவைப் போருக்குப் போன வீரர்கள் இங்கே தங்கிப் போனார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அடுத்த நிமிடமே இன்னொரு செய்தி: "ஏசாதீங்க சார், நான் மீன் வறுவல் மட்டும்தான் சாப்பிட்டேன்."

ஏசவில்லை மக்களே. அன்று ராத்திரி உட்கார்ந்து இந்தப் பெயர்களைப் பற்றித்தான் படித்தேன்.

1393இல் இரண்டாம் ரிச்சர்ட் மன்னர், பீர் காய்ச்சி விற்கிறவர்கள் வாசலில் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டும் என்று சட்டம் போட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அன்று குறைவு. அதனால் பலகையில் படம் வரைந்தார்கள். படமே பெயராகிவிட்டது: சிவப்பு சிங்கம், வெள்ளை மான். டெவன் மாவட்டத்தில் ஒரு கிராமத்து விடுதிக்கு 'யாருமில்லை' என்ற பொருளில் பெயர். "எங்கே போயிருந்தீர்?" என்று மனைவி கேட்டால் பொய் சொல்லாமல் பதில் சொல்லலாம் போலிருக்கிறது!

'ராயல் ஓக்' என்ற பெயரில் அங்கே நூற்றுக்கணக்கான பப்புகள் உண்டு. 1651இல் போரில் தோற்று ஓடிய இரண்டாம் சார்லஸ், ஒரு ஓக் மரத்தில் ஏறி ஒளிந்து உயிர் தப்பினார். அந்த மரத்தின் ஞாபகம்தான் அந்தப் பெயர். இதைப் படித்ததும் எனக்கு நெய்யாற்றின்கரை பலாமரம் நினைவுக்கு வந்தது. மார்த்தாண்ட வர்மா எதிரிகளிடமிருந்து தப்பி அந்த மரப்பொந்தில் ஒளிந்தார் என்று நம் பாட்டிமார் சொன்ன கதை உங்களுக்குத் தெரியும். 'அம்மச்சிப் பிலாவு' என்று பெயர். களியக்காவிளை தாண்டிக் கொஞ்ச தூரம்தான். மரத்தில் ஒளிந்த ராஜா அவர்களுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அவர்கள் அதைக் கடைக்குக் கடை எழுதி வைத்தார்கள்.

நமக்குப் பெயர் வைக்கத் தெரியாது என்று சொல்லவில்லை. நம் மாவட்டத்தைப் பாருங்கள். புதுக்கடை என்று ஊரே இருக்கிறது. என் அப்பா காலத்திலேயே அது பழைய ஊர்தான். இரவிபுதூர்கடை, சுங்கான்கடை எல்லாம் கடையைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர்கள். திங்கள்சந்தையும் வெள்ளிச்சந்தையும் கிழமையைச் சொல்கின்றன. நாகர்கோவிலில் வேப்பமூடு, நம் குலசேகரத்தில் அரசமூடு என்றால் மரத்தைச் சொல்கின்றன. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே ஒற்றை பல்பு வெளிச்சத்தில் அல்வா விற்ற கடைக்கு 'இருட்டுக்கடை' என்று பெயர் வைத்தது வாங்க வந்த ஜனங்கள். இன்று அந்தப் பெயருக்காகவே வெளியூரிலிருந்து ஆள் வருகிறது.

நம் மாநிலத்து மதுக்கடைக்கோ பெயரே இல்லை. 2003இல் டாஸ்மாக் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்தது முதல் எண் மட்டும்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. குடியால் பள்ளிக்கூடம் வராமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்தவன் நான். என் வருத்தம் சாயக்கடைகளைப் பற்றியது.

இனிச் சொல்லப்போவது என் தப்பு. 1994 என்று ஞாபகம். ஐந்தாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் "எங்க வீடு சரிஞ்ச கடைக்கு மேக்க இருக்கு" என்று எழுதினான். 'மேக்க' என்பதை 'மேற்கே' என்று திருத்தினேன். அது சரி. 'சரிஞ்ச கடை'யையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "சரியான பெயரை எழுதுக" என்று எழுதிவிட்டேன். அவன் நோட்டோடு வந்து, "சரியான பேரு என்ன சார்?" என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. ஓட்டுக்கூரை ஒரு பக்கம் சாய்ந்த அந்தச் சாயக்கடைக்குப் பலகையே கிடையாது. ஊருக்கு அது ஒரே பெயர்தான். "போய் உட்காரு" என்று மட்டும் சொன்னேன்.

ரோட்டை அகலப்படுத்தியபோது அந்தக் கடை போய்விட்டது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அவனைப் பார்த்தேன். வளைகுடாவில் வேலை. கூட வந்த மகள், "அப்பா, உங்க பழைய வீடு எங்கே?" என்று கேட்டாள். "சரிஞ்ச கடைக்கு மேக்க" என்றான். பிள்ளை உடனே போனில் தேடினாள். இல்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சார் அன்னைக்கே வட்டம் போட்ட பேரு" என்றான். அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

எல்லாப் பழைய பெயரும் இருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. இங்கிலாந்தில் 'அமைதியான பெண்' என்று ஒரு பப் பெயர். பலகையில் தலையில்லாத பெண்ணின் படம். அதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை. நம் ஊரிலும் ஒருவரின் ஊனத்தையும் சாதியையும் சொல்லிக் கடையை அழைத்தது உண்டு. அந்தப் பெயர்கள் போகட்டும். ஆனால் ஒரு மரத்தையும், ஒரு சாய்ந்த கூரையையும், ஒரு மனுஷனின் கைப்பக்குவத்தையும் சொல்கிற பெயர்கள் போகக்கூடாது. பலகை எழுத வசதியில்லாதவர்கள் இந்த ஊரில் பிழைத்தார்கள் என்பதற்கு அவைதான் சாட்சி.

அதனால் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் பக்கத்தில் ஜனங்கள் வாயில் மட்டும் இருந்த கடைப் பெயர், பஸ் ஸ்டாப் பெயர் ஒன்றைக் கீழே எழுதுங்கள். எந்த இடம், ஏன் அந்தப் பெயர் என்று இரண்டு வரி போதும். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் இன்றைக்கே கேளுங்கள். இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 'சரிஞ்ச கடை' என்று எழுதிவிட்டேன்.

பேச்சு வழக்கிலேயே எழுதுங்கள் மக்களே. வட்டம் போட மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
குலசேகரம்