வைசூரிக் காலத்தில் கண்ட கடவுள்

கண்டியிலிருந்து யாழ்ப்பாண வீதியால் வடக்கே செல்பவர்கள் மாத்தளையையும் நாலந்தாவையும் கடந்து நாவுலயை அடைவர். இவை யாவும் ஒரு காலத்தில் கண்டி அரசின் எல்லைக்குள் இருந்த ஊர்கள். நாவுலவுக்கு மேற்கே, கலேவெலப் பக்கத்தில், வஹகோட்டையில் புனித அந்தோனியார் ஆலயம் இருக்கிறது. கண்டி மன்னர்கள் குடியமர்த்திய போர்த்துக்கேயரின் வழிவந்தோர் அங்குள்ள கத்தோலிக்கர் என்பர். அத்தகையோர் குருவானவர் இன்றித் தவித்த காலத்தில்தான், 1687இல், யோசப் வாஸ் அடிகளார் இலங்கைக்கு வந்தார்.

புனிதர்களைப் பற்றி நம்மிடையே வெளிவரும் நூல்கள் குறித்து எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. அற்புதங்களின் பட்டியலோடு அவை தொடங்கி, அற்புதங்களின் பட்டியலோடு முடிகின்றன. கடவுளை அறிய விரும்பி அவற்றைத் திறப்பவனுக்கு ஒரு மந்திரவாதியே தென்படுகிறார். வாஸ் அடிகளாரைப் பற்றிக் கேட்டாலும், கண்டியில் வறட்சிக் காலத்தில் அவர் செபித்து மழை பெய்வித்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். அக்கதையை நான் மறுக்க வரவில்லை. ஆயினும் அவருடைய கடவுள் யார் என்பதை அது எனக்குச் சொல்லவில்லை.

அதைச் சொல்வது 1697ஆம் ஆண்டு. கண்டியில் வைசூரி பரவிற்று. மன்னரே நகரைவிட்டு அகன்றார். நோயுற்றோரை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டனர். நோய்க்கு அஞ்சியவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. 2020இல் கொரோனாவின்போது நாமும் அயல்வீட்டுக் கதவைத் தட்ட அஞ்சியவர்களே. கோவாவிலிருந்து வந்த அந்த மெலிந்த குருவானவரோ நோயாளிகளைத் தேடிச் சென்றார். கழுவினார், உணவூட்டினார், இறந்தோரைப் புதைத்தார். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று அவர் பார்க்கவில்லை. ஒற்றன் என்று சந்தேகித்து 1692இல் அவரைச் சிறையில் வைத்ததும் இதே கண்டிதான்! பின்னர் அவருக்குச் சமயப் பணியாற்றும் சுதந்திரத்தை அளித்தவர் பௌத்த மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன். கரையோரத்தில் ஒல்லாந்தக் கிறிஸ்தவர் அவரை வேட்டையாடிக்கொண்டிருந்தனர் என்பதை நினைத்துப் பார்க்கையில், சமயப் பெருமை பேசுவோர் சற்று மௌனம் காக்கலாம்.

இனி அவருடைய எழுத்து. 1677 ஆகஸ்ட் 5ஆம் நாள் மரியன்னைக்குத் தம்மை அடிமையாக ஒப்புக்கொடுத்து அவர் எழுதிய பத்திரம் பலரும் அறிந்தது. நான் விரும்புவது கோவாவிலிருந்த தம் சபையாருக்கு அவர் எழுதிய மடல்களை. பெர்னியோலா அடிகளார் தொகுத்த ஒல்லாந்தர் கால ஆவணங்களில் இம்மடல்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. புனித அகுஸ்தினாரின் சுயசரிதையைப் போல உள்ளத்தைத் துளாவும் எழுத்தன்று. பயணம், பணி, ஆள் பற்றாக்குறை என்று ஓர் ஊர்நிருபரின் அறிக்கைபோலச் செல்லும். பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்த எனக்கு அந்த வறண்ட நடைதான் நம்பிக்கை தருகிறது. தம்மை முன்னிறுத்தாத மனிதர் எழுதியது அது.

அவர் தமிழையும் சிங்களத்தையும் கற்றார். அவருக்குத் துணையாக 1705இல் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இரு மொழிகளிலும் நூல்கள் படைத்தார். தவக்காலத்தில் நம் மூதாட்டிகள் கண்ணீர் மல்கக் கேட்ட வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. இறையியல் நூல் எதையும் தொட்டறியாத அம்மூதாட்டிகள், துன்புறும் கடவுளை அப்பிரசங்கத்தின் வழியாகவே அறிந்தனர்.

2015 ஜனவரி 14ஆம் நாள், கொழும்பு காலிமுகத்திடலில், பாப்பரசர் பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்தார். வழக்கமாகக் கோரப்படும் இரண்டாவது அற்புதம் இவர் விடயத்தில் தேவையில்லை என்று திருச்சபை தளர்த்தியது. பட்டியல் போடுவோர் இதையும் கவனித்திருந்தால் நன்று.

1711 ஜனவரி 16ஆம் நாள் அவர் கண்டியில் காலமானார். அவரைப் புதைத்த இடம் எது என்பது இன்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. பூப்போடக் கல்லறை இல்லை. அந்த மடல்கள் இருக்கின்றன.