விழுந்த ராக்கெட்டின் அறிக்கை

விண்வெளிப் பயணத்தின் வரலாற்றை வெற்றிகளின் வரிசையாகச் சொல்வதே பொதுவழக்கு என்றாலும், மென்பொருள் வடிவமைப்பு என்னும் துறை, அதாவது கணினிக்கான கட்டளைகளை எந்த எதிர்பார்ப்பின் மேல், எந்த ஒழுங்கில் எழுதுவது என்பதைப் பற்றிய அறிவு, தன் பாடங்களுள் கணிசமானவற்றை விபத்து விசாரணை அறிக்கைகளிலிருந்தே பெற்றிருக்கிறது. அவற்றுள் பொறியியல் வகுப்புகளில் இன்றும் படிக்கப்படுவது, ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் தன் முதல் பயணத்திலேயே சிதறிப்போனதை ஆராய்ந்த, 1996 ஜூலை 19ஆம் நாளிட்ட அறிக்கை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையிலான குழு எழுதிய அந்தச் சிறு ஆவணம், தெளிவான உரைநடை என்ன செய்ய வல்லது என்பதற்கும் சான்றாக நிற்கிறது. ஓர் இலக்கியச் சிற்றிதழ் அதைத் தலையங்கத்துக்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணமும் அதுவே.

1996 ஜூன் 4 அன்று, தென்னமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து, பூமியைச் சூழ்ந்த காந்தப் புலத்தை ஆராயவிருந்த கிளஸ்டர் என்னும் நான்கு செயற்கைக்கோள்களைச் சுமந்துகொண்டு ஏரியான் 5 கிளம்பியது. ஏறத்தாழ 37 விநாடிகள் எல்லாம் சரியாகவே நடந்தன. பிறகு, சுமார் 3,700 மீட்டர் உயரத்தில், ராக்கெட் சட்டென்று பாதையை விட்டுத் திரும்பி, காற்றின் தாக்குதலைத் தாங்காமல் முறியத் தொடங்கவே, அதற்கென வைக்கப்பட்டிருந்த தற்காப்பு ஏற்பாடு ராக்கெட்டைத் தானாகவே வெடிக்கச் செய்தது. சிதறிய பாகங்கள் சதுப்பு நிலக் காட்டிலும் புல்வெளியிலுமாக ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழுந்தன. அந்தச் சேற்றில் தேடியவர்களுக்கு, ராக்கெட் எந்தத் திசையில், எந்தச் சாய்வில் போகிறது என்பதைத் தன் அசைவுகளைக் கொண்டே கணக்கிடும் நிலைம வழிகாட்டு அமைப்புகள் இரண்டும் கிடைத்தன. கடைசிக் கணத்தில் நிகழ்ந்த பிழை, அவற்றுள் ஒன்றின் நினைவகத்தில் அழியாமல் பதிந்திருந்தது.

பிழை என்னவென்று சொல்ல அதிகம் சொற்கள் வேண்டியதில்லை. ராக்கெட்டின் கிடைமட்ட வேகத்தோடு தொடர்புடைய ஒரு மதிப்பைக் கணினி 64 பிட் கொண்ட பதின்ம எண்ணாகக் கணக்கிட்டு, பின்னர் அதை 16 பிட் கொண்ட முழு எண்ணாக மாற்ற முயன்றது. பிட் என்பது ஒன்று அல்லது சுழியம் என்னும் மிகச்சிறு குறி; குறியீட்டுடன் கூடிய 16 பிட் முழு எண்ணில் 32,767க்கு மேல் எதையும் அடைக்க முடியாது. மதிப்பு அந்த எல்லையைத் தாண்டியதும் மாற்றம் தோற்றது. அமைப்பு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கட்டும் என்று வைக்கப்பட்டிருந்த காப்பு அமைப்பிலும் அதே நிரலே ஓடியதால், அதுவும் அதே காரணத்துக்காக முந்தைய 72 மில்லி விநாடிச் சுற்றிலேயே நின்றுபோயிருந்தது. நின்ற அமைப்பு அனுப்பிய பழுதுக் குறிப்பை முதன்மைக் கணினி பறப்புத் தகவல் என்று எடுத்துக்கொண்டு, நிகழாத ஒரு விலகலைத் திருத்துவதற்காக எஞ்சின்களின் தாரைமுனைகளை முழுமையாகத் திருப்பியதுதான் முடிவுக்கு வழிவகுத்தது.

அறிக்கையின் ஆழம் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பிழை நேர்ந்த நிரற்பகுதி, ராக்கெட் தரையில் நிற்கும்போது அமைப்பைச் சீர்நிலைப்படுத்துவதற்கானது. மேலெழும்பிய பின் ஏரியான் 5க்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அப்படியிருந்தும் அது சுமார் 40 விநாடிகள் ஓடிக்கொண்டிருந்ததற்குக் காரணம், முந்தைய ஏரியான் 4இல் கிடக்கிறது. எண்ணிக்கை இறங்கிவரும்போது, கடைசி ஒன்பதாம் விநாடிக்கும் ஐந்தாம் விநாடிக்கும் இடையில் ஏவுதலை நிறுத்த நேர்ந்தால், சீர்நிலைப்படுத்தலை முதலிலிருந்து செய்ய 45 நிமிடங்களோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், அந்த வேலையை நிறுத்தாமல் தொடரவிடுவதே அன்றைய தீர்வாக இருந்தது. அந்த வசதி 1989இல் ஒரே ஒரு முறை பயன்பட்டது. ஏரியான் 5இன் புறப்பாட்டு முறையே வேறு. அதன் பாதையில் தொடக்கத்தில் கிடைமட்ட வேகம் பழையதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாகக் கூடியது. நன்றாக ஓடிய நிரலைத் தொடுவானேன் என்னும் எச்சரிக்கையுணர்வோடு பழைய நிரல் அப்படியே புதிய ராக்கெட்டில் ஏற்றப்பட்டது. புதிய ராக்கெட்டின் பாதை விவரங்களோ அந்த அமைப்புக்கான தேவைப் பட்டியலில் சேர்க்கப்படவே இல்லை.

இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எல்லை மீறும் அபாயமுள்ள மாறிகள், அதாவது பறக்கும்போது மாறிக்கொண்டே இருக்கும் மதிப்புகளைத் தாங்கும் பெயர்கள், மொத்தம் ஏழு. கணினியின் சுமை 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்ததால், நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதப்பட்டு, மூன்று திறந்து விடப்பட்டன. அந்த மூன்றும் எல்லையைத் தாண்ட வாய்ப்பில்லை என்பது கலந்து பேசி எடுத்த முடிவு. ஏரியான் 4இன் வேகத்துக்கு அது சரியான முடிவும்கூட. ஆனால் ஏன் திறந்து விடப்பட்டன என்பதற்கான நியாயம் நிரலில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை என்கிறது குழு. நிரலாளர்கள் கணினிக்கான கட்டளைகளுக்கு நடுவே, அடுத்து வரும் மனிதர் படிப்பதற்கென்று சில வாக்கியங்களைக் குறிப்பாக எழுதி வைப்பார்கள். கணினி அவற்றைப் பொருட்படுத்தாது. இந்த மதிப்பு இன்ன வேகம் வரை மட்டுமே பாதுகாப்பானது என்று அத்தகைய ஒரு வாக்கியம் அந்த வரிகளின் பக்கத்தில் இருந்திருந்தால், புதிய ராக்கெட்டுக்காக அதைப் புரட்டிய எவரேனும் அங்கே நின்றிருக்கக்கூடும். நான்கு செயற்கைக்கோள்களை உருவாக்கிய அறிவியலாளர்களின் பல்லாண்டு உழைப்பு, அந்த ஒரு வாக்கியம் இல்லாமையால் சேற்றில் விழுந்தது.

எதிர்பாராத மதிப்பு வந்தால் நிரல் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, 27 ஆண்டுகளுக்கு முன்பே மேலான விடை ஒன்று கண்டறியப்பட்டிருந்தது. 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11இன் ஈகிள் கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அப்போது தேவைப்படாத ஒரு ராடாரின் சமிக்ஞைகள் கணினியின் நேரத்தைத் தின்றதால் வேலைகள் குவிந்து, 1202 என்ற எச்சரிக்கை எண் பலமுறை தோன்றியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்கரெட் ஹாமில்டன் தலைமையில் எழுதப்பட்ட அந்த மென்பொருள், ஒவ்வொரு முறையும் தன்னை மீளத் தொடங்கி, முக்கியமற்ற வேலைகளைக் கைவிட்டு, தரையிறக்கத்துக்கு வேண்டியவற்றை மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஏரியானின் வடிவமைப்பாளர்கள் பிழை என்றாலே கருவியின் பழுதாகத்தான் இருக்கும், பழுதான கருவியை நிறுத்திவிட்டு மற்றொன்றுக்கு மாறுவதே முறை என்று கருதினார்கள். மென்பொருளே தவறாக இருக்கக்கூடும் என்பதை அந்தச் சிந்தனை கணக்கில் எடுக்கவில்லை.

இவை அனைத்தும் இன்று எந்த மாணவருக்கும் தெரியக் கிடைக்கின்றன என்றால், விபத்து நடந்த 45 நாட்களில் அறிக்கை எழுதப்பட்டு, உலகின் முன் வைக்கப்பட்டதே காரணம். அதனால் ஏரியானுக்குக் கேடு எதுவும் விளையவில்லை. 2023இல் ஓய்வு பெறும் வரை மொத்தம் 117 முறை ஏவப்பட்டு, ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியையும் விண்ணுக்குக் கொண்டு சென்றது அதே ராக்கெட்தான்.

இந்தியாவின் நிலை இவ்விடத்தில் மனத்தை உறுத்துகிறது. 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் சந்திரயான்-2 நிலவுப் பயணத்தின் தரையிறங்கியான விக்ரம் கலம் நிலவில் மோதிய பின், அதை ஆராயக் குழு அமைந்தது. வேகத்தைக் குறைக்கும் இரண்டாம் கட்டத்தில் குறைப்பு வரையறுத்த அளவை மீறியது என்று மக்களவையில் சுருக்கமான விளக்கமும் தரப்பட்டது. 2023இல், சந்திரயான்-3 ஏவப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், இஸ்ரோவின் அன்றைய தலைவர் எஸ். சோமநாத் மேலும் விளக்கினார்: ஐந்து எஞ்சின்களும் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்ததால் பிழைகள் சேர்ந்துகொண்டே போயின, அவற்றைத் திருத்தக் கலம் மிக வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் அவ்வளவு வேகத் திருப்பத்தை மென்பொருள் அனுமதிக்கவில்லை. ஏரியானின் கதையைப் படித்தவர்களுக்கு இதன் வடிவம் உடனே பிடிபடும். முந்தைய கலத்துக்கு 500 மீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடம், அடுத்த கலத்துக்கு 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று, விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3 பத்திரமாக இறங்கியது.

தோல்வியிலிருந்து இஸ்ரோ கற்றது என்பதில் ஐயமில்லை. கற்ற பாடம் அந்நிறுவனத்தின் சுவர்களுக்குள் முடங்கிவிட்டது என்பதே குறை. விசாரணைக் குழுவின் முழு அறிக்கை இதுவரை பொதுமக்கள் முன் வைக்கப்படவில்லை. பாதுகாப்புக் கருதி மறைக்க வேண்டிய எஞ்சின் விவரங்கள் இருக்கலாம். அந்தப் பக்கங்களை நீக்கிவிட்டு மற்றவற்றை வெளியிடுவதில் என்ன தடை என்று கேட்கும் உரிமை, வரி செலுத்தும் எவருக்கும் உண்டு. தரையிறங்கியையும் உலவியையும் சோதிக்க, நிலவின் மேட்டுநில மண்ணை ஒத்த மண் வேண்டியிருந்தபோது, அதற்கான பாறை நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. அந்த ஊர்ப் பள்ளிகளில் படித்துப் பொறியியல் கல்லூரிக்குப் போகும் மாணவர், மென்பொருள் பிழை என்ற பாடத்துக்குக் கூரூவின் சதுப்பு நிலத்தில் விழுந்த ராக்கெட்டைப் பற்றி முழுமையாகப் படிக்கிறார். தம் ஊர்ப் பாறையின் பொடியில் பழகிய கலம் எப்படி விழுந்தது என்பதை அறியச் செய்தித்தாள் துணுக்குகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.