நல்லாத்தானே இருக்கு, மாத்திரையை விட்டுடலாமா? விடாதீங்க!

“இப்போ உடம்பு பரவாயில்லை, மாத்திரையும் விலை ஜாஸ்தி. ஒரு வாரம் விட்டுத்தான் பார்ப்போமே...” நம்ம வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. ரக்ஸோலிடினிப் விஷயத்தில் இந்தப் பேச்சு ஆபத்தானது.

எலும்பு மஜ்ஜையில் நார்த்திசு பெருகி, ரத்த அணு உற்பத்தி கெடும் நோய் மைலோஃபைப்ரோசிஸ். மண்ணீரல் வீங்கும், காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு வரும். இதற்கு 2011-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரக்ஸோலிடினிப், ‘ஜேக்’ எனும் நொதிகளைத் தடுக்கிறது. நோயை வேரறுப்பதில்லை, அடக்கி வைக்கிறது.

திடீரென நிறுத்தினால், சுமார் ஒரே வாரத்தில் பழைய தொல்லைகள் திரும்பலாம். சிலருக்கு மூச்சுத்திணறல், ரத்த அழுத்தச் சரிவு, உடலெங்கும் ரத்தம் உறைதல் என உயிருக்கே ஆபத்தாகும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பல கிராமங்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படியொரு நாளில் மாத்திரை தீர்ந்தால், திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ எப்படி ஓடுவது?

எனவே நோயாளி மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. “திடீரென நிறுத்தாதீர்கள்” என்று மருந்துச் சீட்டிலேயே தமிழில் எழுதித் தர வேண்டும். மாவட்ட அளவில் மருந்து கையிருப்பும் வேண்டும். நிறுத்தவேண்டிய நிலை வந்தாலும், டோஸைப் படிப்படியாகக் குறைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: கடைசி அட்டையைப் பிரிக்கும் முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள். கையில் காசு இல்லையா? அதையும் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.