உப்பு போடாத கருவாடு

வட நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளுக்குப் போகும் தமிழருக்கு வழிகாட்டுவது மூக்குதான். மார்ச் மாதத்தில் ஊரைச் சுற்றிலும் மரச்சட்டங்கள். அவற்றில் இரண்டிரண்டாக வாலில் கட்டித் தொங்கும் காட் மீன்கள். கருவாடுதான். ஆனால் உப்பு கிடையாது. குளிரையும் கடல் காற்றையும் நம்பி மாதக்கணக்கில் காயவிடுகிறார்கள். நல்ல மீன் இத்தாலிக்குப் போகிறது, தலைகள் நைஜீரியாவுக்கு. 'ஓ' என்று ஒற்றை எழுத்தில் பெயர் கொண்ட ஒரு கிராமத்தில் இந்தக் கருவாட்டுக்கு அருங்காட்சியகமே இருக்கிறது. நாகப்பட்டினத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

கடலோரத்துச் சிவப்பு மரவீடுகளைப் படமெடுத்துக்கொண்டு பெரும்பாலான பயணிகள் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். தமிழர் பார்க்க வேண்டியது இன்னும் வடகிழக்கே, ஃபின்மார்க்கில் இருக்கிறது. வார்டோ, போட்ஸ்ஃபியோர்டு, ஹாமர்ஃபெஸ்ட் - நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும் ஊர்கள். 1980களில் இங்குள்ள மீன் ஆலைகளில் கத்தி பிடிக்க உள்ளூர் ஆட்கள் போதவில்லை. அந்த இடத்துக்கு வந்தவர்கள் இலங்கைத் தமிழர்கள்.

இதற்கு முன்னோடி, 1956இல் நார்வே போய்ச் சேர்ந்த குருநகர்க்காரர் அந்தோனி ராஜேந்திரம். அவர் காட்டிய வழியில் நார்வே பள்ளிகளில் படிக்க இளைஞர்கள் வந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் அகதிகள்.

யாழ்ப்பாணத்தில் மீன்பிடிப்பு கரையார் சாதியோடு பிணைந்த தொழில். சந்தையில் பேரம் பேசுவதோடு மீனுடன் உள்ள உறவை முடித்துக்கொண்ட வேளாளர் வீட்டுப் பிள்ளைகளும், படித்தவர்களும், இங்கே ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு முள் நீக்கி மீனைத் துண்டு போட்டார்கள். பக்கத்து மேஜையில் கரையார் வீட்டுப் பையன். இருவருக்கும் ஒரே கத்தி, ஒரே கூலி. ஊருக்கு எழுதிய கடிதங்களில் எத்தனை பேர் இதைச் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு விஷயம். ஆலை வாசலில் கழற்றி வைத்த சாதியைக் கல்யாணப் பேச்சு வந்ததும் தேடி எடுத்துக்கொண்டவர்களும் உண்டு.

சம்பளம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகளின் படிப்பு, கோயில், சொந்தபந்தம் எல்லாம் ஆஸ்லோவில். பல குடும்பங்கள் தெற்கே நகர்ந்தன. யாழ்ப்பாணத்தில் பிறந்து 3 வயதில் நார்வே வந்த கம்ஷாஜினி குணரத்தினம் 2015இல் ஆஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். வடக்கே தங்கிவிட்ட குடும்பங்களும் இருக்கின்றன. மீன் ஆலைகளில் இப்போது அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் லிதுவேனியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்கள்.